இரண்டாவது ஈசிஜியை நம்பும்படி எடுப்பது எப்படி: வார்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ஈசிஜி எடுத்து டியூட்டி டாக்டரிடம் நீட்டினால், தாளைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பழைய ஈசிஜி இருக்கா?"

இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களிடம் ஒற்றை ஈசிஜி பாதிக் கதைதான் சொல்லும். நெஞ்சில் வைக்கும் ஆறு லீடுகளில் (வி1 முதல் வி6 வரை; ஒவ்வொன்றும் இதயத்தை ஒரு கோணத்தில் காட்டும்) வி3-இல், ஒவ்வொரு துடிப்பின் முடிவில் வரும் டி அலை தலைகீழாக இருக்கிறது என்றால், அது இன்று காலை வந்ததா, மூன்று வருடமாக அப்படியே இருக்கிறதா? முன்பு மாரடைப்பு வந்து இதயச் சுவர் புடைத்துப்போனவருக்கு எஸ்டி ஏற்றம் (டி அலைக்குச் சற்று முன்னுள்ள கோடு உயர்ந்து நிற்பது) நிரந்தரமாகவே நிற்கும். புதிதாக அடைபட்டவருக்கும் எஸ்டி ஏறியிருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழைய தாள் வேண்டும், அல்லது அரைமணி கழித்து எடுத்த அடுத்த தாள் வேண்டும்.

இரண்டு தாள்களுக்கும் வித்தியாசம் இருந்தால் இதயம் மாறிவிட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. நோயாளி படுத்திருந்த விதம் மாறியிருக்கலாம். மெஷினின் ஃபில்டர் (தேவையற்ற அதிர்வை வடிகட்டும் அமைப்பு) மாறியிருக்கலாம். எலக்ட்ரோடை (தோலில் வைக்கும் மின்முனையை) வைத்த கை மாறியிருக்கலாம். தாளைப் படித்த கண்கூட மாறியிருக்கலாம். நம் வேலை இந்த நான்கையும் முடிந்தவரை மாறாமல் வைத்திருப்பது. அதற்குப் பிறகு மிஞ்சும் வித்தியாசத்தை டாக்டர் தயங்காமல் இதயத்தின் கணக்கில் எழுதலாம். ஈசிஜி டெக்னீஷியன்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், பயிற்சி மருத்துவர்கள் எல்லாரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையை அளந்துகொள்ளுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

வேலை குறைவான ஒரு மத்தியானம், சம்மதிக்கிற சக ஊழியர் ஒருவரைப் படுக்க வைத்து ஈசிஜி எடுங்கள். எல்லா எலக்ட்ரோடுகளையும் கழற்றி, ஜெல்லைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து முதலிலிருந்து வைத்து மறுபடி எடுங்கள். பிறகு இன்னொருவரை அதே நபருக்கு எடுக்கச் சொல்லுங்கள். மூன்று தாள்களிலும் ஒவ்வொரு லீடிலும் ஆர் அலை (துடிப்பில் மேல்நோக்கி எழும் கூரான அலை) எத்தனை மி.மீ., எஸ்டி எத்தனை மி.மீ. என்று எழுதுங்கள். கை, கால் லீடுகளில் பெரிதாக மாற்றம் தெரியாது. வி2, வி3, வி4-இல்தான் கண்ணில் படும்படி மாறியிருக்கும். இதயத்துக்கு மிக அருகில் இருப்பவை அவை. எலக்ட்ரோடு கொஞ்சம் நகர்ந்தாலே அலையின் வடிவம் மாறும்.

அதே நபருக்கு வி1, வி2 இரண்டையும் வேண்டுமென்றே ஒரு விலா இடைவெளி மேலே வைத்து இன்னொன்று எடுங்கள். ஆர் அலை குறுகிப்போகும். ஒரு இடைவெளி மேலே போனால் ஏறத்தாழ 1 மி.மீ. குறையும் என்பது பொதுக் கணக்கு. சிலருக்கு ஆர் அலையே மறைந்து பழைய மாரடைப்பு போலத் தெரியும். சிலருக்கு இரண்டாவது சிறிய ஆர் முளைத்து இதய மின்பாதையின் வலது கிளையில் தடை போலக் காட்டும். டி அலையும் கவிழலாம். ஆரோக்கியமான இதயத்தில் நம் விரல்களே இத்தனை நோய்களை உண்டாக்க முடியும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு அலட்சியமாக எலக்ட்ரோடு வைக்க மாட்டார்.

கணக்கில் ஆர்வம் இருந்தால் பத்துப் பேருக்கு இரண்டிரண்டு எடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைப் பட்டியலிடுங்கள். அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை (அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் கையின் ஆட்டம். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986-இல் பரவலாக்கிய முறை இது. இன்றும் மருத்துவ அளவீடுகளை இப்படித்தான் சோதிக்கிறார்கள். வி3-இன் ஆர் அலையில் உங்கள் ஆட்டம் 3 மி.மீ. என்று வந்தால், நாளைக்கு ஒரு நோயாளிக்கு 2 மி.மீ. குறைந்திருப்பதை வைத்து யாரும் பயப்படத் தேவையில்லை. தராசு முள் எவ்வளவு ஆடும் என்று தெரிந்த பிறகுதான் எடை போட முடியும்.

நெஞ்சில் ஆறு இடங்கள்

நெஞ்சு லீடுகளின் இடங்களை அமெரிக்க, பிரிட்டிஷ் இதயச் சங்கங்கள் 1938-இல் சேர்ந்து முடிவு செய்தன. எண்பது ஆண்டுக்கு மேலாகியும் எங்கும் அதே இடங்கள்தான், எங்கும் அதே தவறுகள்தான்.

காறை எலும்பிலிருந்து இடைவெளிகளை எண்ணாதீர்கள். மேலே தடுமாறினால் கடைசிவரை தடுமாற்றம்தான். தொண்டைக் குழியிலிருந்து விரலை நேராகக் கீழே இறக்குங்கள். மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா, அதன் கீழே இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு இறங்கினால் நான்காவது. மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. இரண்டும் எலும்பை ஒட்டியே இருக்க வேண்டும். அகட்டி வைப்பது அடுத்த பெரிய தவறு.

அடுத்து வி3-க்குப் போகாமல் வி4-ஐ வையுங்கள்: ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் சரிபாதியில் வி3. வி4 இருக்கும் அதே மட்டத்தில், அக்குளின் முன் மடிப்புக்கு நேர் கீழே வி5. அக்குளின் நடுவுக்கு நேர் கீழே வி6. விலா எலும்பு பக்கவாட்டில் மேல்நோக்கி வளையும் என்பதால் இடைவெளியைத் தொடர்ந்து போனால் வி6 மேலே ஏறிவிடும். படுக்கைக்குச் செங்குத்தாக ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதிலேயே வையுங்கள். மார்புக் காம்பை அடையாளமாக எடுக்கவே கூடாது, ஆணுக்கும்கூட.

பெண் நோயாளி என்றால் திரை இழுத்து, துணைக்கு ஒரு பெண் ஊழியரை வைத்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லி, வி4, வி5, வி6-ஐ மார்பகத்துக்குக் கீழே வைப்பதே பொது வழக்கம். மேலே வைப்பவர்களும் உண்டு. ஒரே நோயாளிக்குக் காலையில் கீழே, மாலையில் மேலே என்று ஆனால் ஒப்பிடவே முடியாது. கூச்சத்தில் அவசரப்பட்டு ஆடைக்கு இடம் கொடுத்து எலக்ட்ரோடை நகர்த்துவதுதான் பெண்களின் ஈசிஜிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போக முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

சரியான இடம் கிடைத்ததும் தோலில் எழுதும் பேனாவால் ஆறு புள்ளிகள் போட்டுவிடுங்கள். "அடுத்த தடவையும் இதே இடத்தில் வைக்கணும், அழிச்சிடாதீங்க ஐயா" என்று காரணத்தோடு சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஒட்டும் எலக்ட்ரோடு வசதி இருந்தால் முதல் சில மணி நேரத்துக்குக் கழற்றாமலே விடலாம். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் பல்பு எலக்ட்ரோடு மட்டுமே உள்ள வார்டில் புள்ளிகள்தான் கதி. பல்பு விட்டுப்போகும் சிவப்பு வளையத்தை நம்ப வேண்டாம், சீக்கிரமே மறைந்துவிடும்.

ஜெல்லை ஒவ்வொரு இடத்திலும் பொட்டு அளவு வையுங்கள். வி1-இலிருந்து வி6 வரை ஒரே தீற்றாகப் பூசினால் ஆறு எலக்ட்ரோடுகளும் ஒன்றோடொன்று இணைந்து, ஆறு லீடும் ஒன்றுபோலத் தெரியும்.

கை, கால் வயர்கள்

நம் ஊர் மெஷின்களில் பெரும்பாலும் வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. அமெரிக்க முறை கேபிளில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. இரண்டு முறைகளிலும் சிவப்பும் கறுப்பும் பச்சையும் உண்டு, ஆனால் வேறு வேறு இடத்தில். புது மெஷின் வந்த நாளில் நிறத்தை மறந்துவிட்டு, வயரில் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

தாள் வெளியே வந்ததும், கை, கால் வயர்கள் தரும் ஆறு லீடுகளில் (1, 2, 3, ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப்) லீட் 1-ஐயும் ஏவிஆரையும் பாருங்கள். லீட் 1-இல் பி அலையும் (துடிப்பின் முதல் சிறு அலை) கியூஆர்எஸ்ஸும் (ஆர் அலை உள்ள கூரான பகுதி) கவிழ்ந்து, ஏவிஆர் நிமிர்ந்து நின்றால் இரண்டு கை வயர்களும் மாறியிருக்கின்றன. இதயம் வலப்பக்கம் அமைந்தவர்களுக்கும் இப்படி வரும், ஆனால் அவர்களுக்கு வி1-இலிருந்து வி6 நோக்கிப் போகப் போக அலை சுருங்கும். லீட் 2 கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்தால் வலது கை வயர் வலது காலுக்குப் போயிருக்கிறது. லீட் 3 நேர்கோடானால் இடது கை வயர் வலது காலில் இருக்கிறது.

இடது கையும் இடது காலும் மாறுவதுதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் தாள் இயல்பாகவே தெரியும். லீட் 1-உம் 2-உம் இடம் மாறும், லீட் 3 கவிழும், ஏவிஎல் ஏவிஎஃபாகும். இதயத்தின் கீழ்ச் சுவரில் உள்ள பழைய மாரடைப்பு மறைந்துபோகலாம், இல்லாத ஒன்று தோன்றலாம். முந்தைய தாள் கையில் இருந்தால்தான் இதைப் பிடிக்க முடியும். லீட் 1-இன் பி அலை லீட் 2-இன் பி அலையைவிடப் பெரிதாகத் தெரிந்தால் சந்தேகப்பட்டு வயரைப் பாருங்கள்.

கால் நீக்கப்பட்டவர், கட்டுப் போட்டவர் என்றால் எலக்ட்ரோடை மேலே ஏற்றி வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்று தாளில் எழுதுங்கள். டிரெட்மில் அறையில் கை, கால் எலக்ட்ரோடுகளை உடம்பிலேயே ஒட்டுவார்கள். 1966-இல் மேசன், லிக்கர் இருவரும் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஓடும்போது நடுக்கம் குறையும், ஆனால் இதயத்தின் மின் அச்சு (மின்னோட்டம் மொத்தத்தில் பாயும் திசை) வலப்பக்கம் சாய்ந்து, கீழ்ச் சுவர் மாரடைப்பின் கியூ அலைகூட (ஆர் அலைக்கு முன் கீழே இறங்கும் அலை) மறைந்துவிடலாம். அங்கே ஓடுவதற்கு முன் எடுத்த ஈசிஜியை வார்டு ஈசிஜியோடு ஒப்பிட வேண்டாம்.

படுக்கை, மூச்சு, சாப்பாடு

மல்லாந்து படுத்து எடுப்பதே வழக்கம். மூச்சுத் திணறலில் வந்தவரைப் படுக்கவைக்க முடியாது. தலையணையை உயர்த்திச் சாய்த்து எடுத்துவிட்டு, "சாய்ந்த நிலை" என்று எழுதுங்கள். அடுத்ததையும் அதே சாய்வில் எடுங்கள். திணறல் குறைந்து படுக்க முடிந்த பிறகு, சாய்ந்து ஒன்று, படுத்து ஒன்று என்று இரண்டு எடுத்தால் இனி வரும் எல்லாத் தாள்களுக்கும் ஒரு பாலம் கிடைத்துவிடும். இடப்பக்கம் ஒருக்களித்தாலே அச்சு நகரும், எஸ்டி கொஞ்சம் ஆடும்.

லீட் 3-இல் மட்டும் தெரியும் கியூ அலை சிலருக்கு ஆழ்ந்து மூச்சு இழுத்தால் சுருங்கிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு டி அலை தட்டையாகலாம். பயந்து வேகமாக மூச்சு வாங்கினாலும் டி அலை மாறும். டிகாக்சின் என்ற இதய மாத்திரை எஸ்டியைத் தொங்கவைக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினாலும் குறைந்தாலும் டி அலை வேறு வடிவம் எடுக்கும். இதையெல்லாம் நம்மால் தடுக்க முடியாது, குறித்து வைக்க முடியும்.

ஏசி குளிரில் நடுங்கினால் போர்த்திவிடுங்கள். மின்கம்பி இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் வரும். ஃபில்டரைத் தட்டுவதற்கு முன் காய்ந்த ஜெல், தளர்ந்த கிளிப், கட்டிலை ஒட்டிப் போகும் வயர் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

மெஷின்

வேகம் விநாடிக்கு 25 மி.மீ.; உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. தாளின் ஓரத்தில் உள்ள கேலிபரேஷன் பெட்டி (ஒரு மில்லிவோல்ட் உயரத்தைக் காட்டும் அளவுக் குறி) பத்து சிறு கட்டம் உயரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளிலும் பாருங்கள். பெரிய அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று யாரோ 5-க்கு மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் எடுத்தால் நேற்றைய 2 மி.மீ. எஸ்டி ஏற்றம் இன்றைக்கு 1 மி.மீ. ஆகிவிடும்; நோயாளி தேறிவிட்டார் என்று எல்லாரும் நினைப்பார்கள்.

ஃபில்டர் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். எஸ்டியை நம்ப வேண்டுமானால் கீழ் எல்லை 0.05 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். கோடு அலைகிறது என்று 0.5-க்கு ஏற்றினால் பல மெஷின்களில் எஸ்டி உருக்குலையும். படுக்கை ஓர மானிட்டர் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது, எனவே மானிட்டரில் தெரியும் எஸ்டியை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். மேல் எல்லை பெரியவர்களுக்கு 150 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டால் கோடு அழகாக வரும், ஆனால் ஆர் அலை குட்டையாகும், சிறு வெட்டுகள் மழுங்கும். முதல் தாளை எந்த ஃபில்டரில் எடுத்தீர்களோ அடுத்ததையும் அதிலேயே எடுங்கள்.

மெஷின் தானாக அச்சடிக்கும் அறிக்கையைப் பற்றி: ஒரே ஆளுக்கு ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு தாள்களில் அது இரண்டு விதமாகச் சொல்வது சகஜம். அளவு ஒரு வரம்பைத் துளி தாண்டினால் வாசகம் மாறிவிடும். நான் அந்தப் பகுதியை மடித்துவிட்டுத்தான் தாளைப் பார்ப்பேன்.

எப்போது எடுப்பது, என்ன எழுதுவது

நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் முதல் ஈசிஜி. அதில் தெளிவில்லாமல் வலி தொடர்ந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. இவை தவிர வலி திரும்பும்போது உடனே ஒன்று, வலி போனதும் ஒன்று.

தாளில் நேரத்தை உங்கள் கையால் எழுதுங்கள். மெஷின் கடிகாரம் சரியாக ஓடும் வார்டு அபூர்வம். நேரத்துக்குப் பக்கத்திலேயே "வலி உண்டு" அல்லது "வலி இல்லை" என்று எழுதுங்கள். இந்த வார்த்தைகள் இல்லாத தாளுக்குப் பாதி மதிப்புத்தான். வெல்லன்ஸ் குழுவினர் 1982-இல் விவரித்த நிலையில், இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் இடது முன் இறங்கு தமனி மிகக் குறுகிப்போனவருக்கு வலி இல்லாத நேரத்தில்தான் வி2, வி3-இல் டி அலை கவிழ்ந்து தெரியும். வலி வந்தால் அதே டி அலை நிமிர்ந்து "நார்மல்" போல நிற்கும். நேரமும் வலியும் எழுதப்படாத இரண்டு தாள்களை வைத்தால் நோயாளி தேறுகிறார் என்றே வாசிப்போம், உண்மையில் குழாய் அடைபட்டுக்கொண்டிருக்கும். 1959-இல் பிரின்ஸ்மெட்டல் விவரித்த வகை வலியில் குழாய் இறுகும்போது எஸ்டி ஏறி, இறுக்கம் விட்டதும் சுவடு இல்லாமல் இறங்கிவிடும். நாக்கின் கீழ் மாத்திரை வைத்தார்களா, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கீழ்ச் சுவர் மாரடைப்பில் வலப்பக்க வி4 எடுக்கச் சொல்வார்கள், சிலருக்கு முதுகுப்பக்கம் வி7, வி8, வி9. வயரை இடம் மாற்றி வைத்தாலும் மெஷின் தாளில் வி4, வி5 என்றேதான் அச்சடிக்கும். எடுத்த கையோடு அதை அடித்துவிட்டுச் சரியான பெயரை எழுதாவிட்டால், மறுநாள் யாரோ அதைச் சாதாரண ஈசிஜியோடு ஒப்பிட்டுக் குழம்புவார்கள்.

குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட பிறகு 60 முதல் 90 நிமிடத்தில் எடுக்கும் ஈசிஜிக்குத் தனிக் கவனம் வேண்டும். எஸ்டி மிக அதிகமாக ஏறியிருந்த லீடில் அது பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் குழாய் திறந்துகொண்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இறங்காவிட்டால் உடனே ஆஞ்சியோவுக்குப் போக வேண்டும். வி3-இல் 6 மி.மீ. இருந்தது 3-க்கும் கீழே வந்ததா என்பதில் ஒரு மனிதரின் இதயத் தசை தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த 3 மி.மீ. வித்தியாசம் எலக்ட்ரோடு நகர்ந்ததால் வந்திருந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனையில் ஊசி போட்டுவிட்டுப் பெரிய மையத்துக்கு அனுப்பும் முறை இருக்கிறது. முதல் தாள் ஓர் ஊரில், அடுத்தது இன்னோர் ஊரில், வேறொருவர் கையால், வேறொரு மெஷினில். அனுப்பும் இடத்தில் நெஞ்சில் போட்ட ஆறு பேனாப் புள்ளிகளும், அசல் தாளும் நோயாளியோடு போனால் ஏற்றுக்கொள்பவர்களின் வேலை பாதி முடிந்தது.

ஒப்பிடுதல்

தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக விரியுங்கள். எஸ்டிக்கு உடனே போகாதீர்கள். முதலில் கேலிபரேஷன் பெட்டி, பிறகு லீட் 1-உம் ஏவிஆரும், பிறகு வி1-இலிருந்து வி6 வரை ஆர் அலை வளரும் விதம். ஆர் அலைகள் இரண்டிலும் ஒரே மாதிரி வளர்ந்து எஸ்டியோ டி அலையோ மட்டும் மாறியிருந்தால் அது இதயத்தின் மாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். வி2, வி3-இல் ஆர் அலையும் சேர்ந்தே மாறியிருந்தால் எலக்ட்ரோடைச் சந்தேகியுங்கள். வி2-இல் பி அலை முழுதும் கவிழ்ந்திருந்தால் வி1, வி2 மேலே ஏறியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்து லீடுகளில் மாற்றம் சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள்; மாரடைப்பின் வரையறையே அடுத்தடுத்த இரண்டு லீடுகளைக் கேட்கிறது. வி3 ஒன்றில் மட்டும் ஏதோ தெரிந்தால் எலக்ட்ரோடை எடுத்துச் சரியாக வைத்து உடனே மறுபடி எடுங்கள். முதல் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், "வி3 திருத்தி எடுத்தது" என்று இரண்டாவதில் எழுதி இரண்டையும் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வலியோடு இருப்பவருக்கு எஸ்டி தெளிவாக ஏறியிருந்தால் தாளை முதலில் டாக்டர் கையில் கொடுங்கள். இந்தச் சரிபார்ப்பெல்லாம் அதற்குப் பிறகு.

படிப்பவர் கண்ணும் ஆடும். ஒரே டாக்டர் அதே தாளை ஒரு மாதம் கழித்துப் பார்த்து வேறு மாதிரி எழுதுவது உண்டு. ஆய்வுகளில் இதைக் கட்டுப்படுத்தத்தான் 1960-இல் மின்னசோட்டா குறியீடு வந்தது: அலைகளை அளந்து, விதிப்படி எண் கொடுக்கும் முறை. வார்டில் அந்த அளவுக்குத் தேவையில்லை. பழைய அறிக்கையைப் படிக்காமல் புதுத் தாளை முதலில் தனியாகப் பார்த்து ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு ஒப்பிட்டாலே நிறைய மாறும். எஸ்டியை மி.மீ. எண்ணாக எழுதுங்கள். "லேசான ஏற்றம்" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதை எதோடு ஒப்பிடுவார்?

தாளைக் காப்பாற்றுதல்

ஈசிஜி தாள் வெப்பத்தால் அச்சாகும் தாள். வெயிலிலும் சூட்டிலும் மங்கும், பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிக் கிடந்தால் இன்னும் சீக்கிரம் வெளுத்துப்போகும். இரண்டு வருடம் கழித்துக் கோப்பைத் திறந்தால் வெறும் கட்டம் மட்டும் இருக்கும். டிஸ்சார்ஜ் நாளன்று வலி இல்லாத நிலையில், மல்லாந்து படுக்க வைத்து, சரியான ஃபில்டரில் ஒன்று எடுங்கள். அதை ஜெராக்ஸ் போட்டு அசலோடு சேர்த்துக் கொடுங்கள். நோயாளியின் மகனிடமோ மகளிடமோ சொல்லி போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: தாள் நேராக விரிந்திருக்க வேண்டும், நிழல் விழக்கூடாது, கேலிபரேஷன் பெட்டியும் தேதியும் படத்துக்குள் வர வேண்டும். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க" என்று சொல்லி அனுப்புங்கள்.